அக்காவின் 274274

எங்கள் அம்மாவின் தம்பிக்கு எட்டு ஆகாது. பஸ் டிக்கெட்டில் உள்ள எண்களைக் கூட்டி எட்டு வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சி டிக்கெட்டை மாற்றிக்கொள்வார். பதின்மூன்றும் ஆகாது. பழனியில் ஒருமுறை லாட்ஜ்காரர் பதின்மூன்றாம் எண் அறையைக் கொடுத்தார் என்று எங்களையெல்லாம் வராந்தாவில் படுக்க வைத்தவர். மற்றபடி தங்கமான மனிதர். திண்டுக்கல் நாகல் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்குப் பஞ்சர் இலவசம்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அக்காவின் காலேஜ் கடைசி வருடப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. பதிவு எண் 274274. மாமா விரல்விட்டுக் கூட்டினார். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

"இந்தத் தடவ வேணாம்க்கா. அடுத்த தடவ எழுதட்டும், வேற நம்பர் வரும்" என்றார் அம்மாவிடம்.

தம்பி சொல்லைத் தட்டாத அம்மாவும் சரியென்றாள். அக்கா அடுப்படிக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரித்தாள். குழம்புக்கு வேண்டியதற்கு மேலேயே உரித்தாள். எனக்கு மாமாவைப் பிடிக்கும், அக்காவை அதைவிடப் பிடிக்கும். ரஃப் நோட்டை எடுத்து அந்த நம்பரோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தேன்.

ஏழால் வகுத்தேன், மீதியில்லாமல் 39182 வந்தது. அதைப் பதினொன்றால் வகுத்தேன், 3562. தைரியம் வந்து பதின்மூன்றாலும் வகுத்துத் தொலைத்தேன். அதுவும் மீதியில்லாமல் போய், கடைசியில் 274 வந்து நின்றது. மூன்று முறை வெட்டியும் நம்பரின் பாதி அப்படியே திரும்பி வந்தது எனக்குப் பெரிய அதிசயம். ஆனாலும் பதின்மூன்று வேலையைக் கெடுத்துவிடும். அந்த வரியை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டு, மாமாவிடம் நோட்டை நீட்டினேன்.

"இதுக்குள்ள ஏழு இருக்கு மாமா, ஏழுமலையான் நம்பரு. பதினொண்ணும் இருக்கு, மொய்யில வைக்கிறது."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். 3562-ஐத் தானே பதின்மூன்றால் வகுக்கத் தொடங்கினார். மீதி பூஜ்யம் என்று எழுதினார். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏழும் பதினொண்ணும் இருக்குக்கா. பிள்ள எழுதட்டும்" என்றார்.

அக்கா எழுதினாள், தேறினாள், மேற்படிப்புக்குக் கோயம்புத்தூர் போனாள். பஸ் ஸ்டாண்டு வரை மாமாதான் அவள் பெட்டியைத் தூக்கி வந்தார். ஏழையும் பதினொன்றையும் காட்டி மாமாவை நான் மடக்கிய கதையைப் பல வருடம் அவர் எதிரிலேயே சொல்லிப் பீற்றிக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கேட்பார்.

படிப்பு தடைபட்டால் ஆவணியில் அக்காவை மாமாவுக்கே கட்டிவைப்பதென்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஹால் டிக்கெட் வந்த அந்தப் பங்குனியில் மாமா தன் வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசல் கதவுக்குப் பச்சைப் பெயின்ட்டும் பூசியிருந்தார். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, எதற்கு இது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.