இருபது வளைவும் ஓர் எலுமிச்சையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு ஐந்தாவதிலேயே வயிறு புரண்டுவிடும். மேலே ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை என்பதால், பன்னிரண்டு வருடமாகத் தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பார்கள். எனக்கு அது போதாது. கடித்துச் சப்பினால்தான் உயிர் நிற்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கியதும் முதல் வேலை, ஹோட்டல் பாத்ரூமில் அழுத்தி அழுத்திப் பல் தேய்ப்பது. விருந்தாளி முன்னால் புளிப்பு வாசத்தோடு போய் நிற்க முடியுமா? இவ்வளவு சுத்தத்துக்கு எனக்கு ஒரு மெடல் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது பல்கூச்சம். முன்பற்களின் நுனி கண்ணாடி போல மெலிந்து, ஒன்றில் ஓரம் உடைந்தும் போனது. நானோ பல்லைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவள். பயந்து போனேன்.

சேலத்துப் பல் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்கக்கா, லெமன் கடிச்சதும் எனாமல் இளகிக் கெடக்குமுங்க. அந்நேரம் பாத்து பிரஷ்ஷப் போட்டா வழிச்சு எடுத்துரும். வெறும் தண்ணில கொப்பளிச்சுட்டு அரை மணி நேரமாச்சும் சும்மா இருக்கோணும்.”

பிறகு பிசுபிசுவென்று எதையோ பல்லில் பூசினார். ஃபுளோரைடு வார்னிஷ் என்றார். கட்டிலுக்கு அடிப்பதைப் பல்லுக்கும் அடிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். புளிப்பு, பல்லின் தாதுக்களைக் கரைத்து எடுத்துவிடுமாம். எச்சிலில் இருக்கும் கால்சியம் மறுபடி பல்லில் படிய ஃபுளோரைடு கைகொடுக்குமாம். அப்படிப் படிந்த இடம் அடுத்த புளிப்புக்கு லேசில் கரையாதாம்.

“அப்ப தேஞ்சது வளந்துருமா?”

“வளராதுங்க. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஆனா தெனமும் லெமனக் கடிச்சா நான் எதப் பூசியும் பிரயோசனமில்ல. வாந்தி எடுத்தீங்கன்னா அது இன்னும் மோசம். வயித்து அமிலம் நொம்பக் கடுசு.”

கடித்தாலும் பல் போகும், கடிக்காமல் வாந்தி எடுத்தாலும் பல் போகும். பீஸ் கொடுத்து இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வழக்கமான கடைசிச் சீட், வழக்கம்போல் கையில் போன். மூன்றாவது வளைவில் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. இத்தனை வருடமும் எனக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மிணி, இன்னைக்கிப் பழம் இல்லீங்களா? மூஞ்சி வெளுத்துப் போச்சே.”

குமட்டலையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“மொதல்ல போனப் பைக்குள்ள போடுங்க. கடைசிச் சீட்டுல உக்காந்துட்டு அத நோண்டுனா யாருக்குத்தான் கொமட்டாது? முன்னால வந்து ரோட்டப் பாருங்க.”

முன்சீட்டில் உட்கார வைத்தார். ரோட்டைப் பார்த்தேன். பத்து போனது, பதினைந்து போனது, இருபதும் போனது. வயிறு மூச்சு விடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்.

“இத ஏனுங்க இத்தன வருசமாச் சொல்லல?”

“கொமட்டுதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்? மத்தவங்க மோந்து பாப்பாங்க, நீங்க தின்னீங்க. மசக்கைன்னு நெனச்சனுங்க.”

“பன்னெண்டு வருசமாவா?”

அவர் தோளில் பையைச் சரிசெய்துகொண்டார். “கேட்டாத் தப்பா நெனச்சுக்குவீங்கன்னு உட்டுட்டனுங்க.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கத் திறந்த வாயில் குளிர்காற்று நுழைந்து, உடைந்த பல் சுரீரென்றது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் நானே தின்று தீர்த்த பல் அது.