கால் தூக்கினால் கடைசிச் சுற்று

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நேர் கீழே ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். இருவரும் ஜெர்மானியர்கள். கணவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த அம்மா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஆனால் இருவரும் சேர்ந்து வாசித்ததெல்லாம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகள். அங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்க மலைகளில் வாசித்த மெட்டுகள். அவர் வயலின், அந்த அம்மா பான்ஜோ என்கிற தந்தி வாத்தியம். இளவயதில் கேசட் கேட்டே கற்றுக்கொண்டார்களாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சர்ச் கூடத்தில் வாசிப்பார்கள். முப்பது பேர் வந்தால் அதிகம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சாஃப்ட்வேர் வேலைக்காகத் திருச்சியிலிருந்து போயிருந்தேன். பாஷை தெரியாத ஊரில் பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று என் வயலினையும் எடுத்துப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை கீழே சுருதி கூட்டும் சத்தம் கேட்டது. ச, ப, ச, ப. வெள்ளைக்காரர்கள் வயலினுக்கு வேறு மாதிரி சுருதி வைப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, “இது எங்கள் ஊர் சுருதி” என்றேன். முதலில் வணக்கம் சொல்ல வேண்டாமா? என் புத்தி அவ்வளவுதான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். மலை மெட்டுகள் சிலவற்றுக்கு இப்படித்தான் வைப்போம் என்றார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் போனேன். அவர்கள் முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்வார்கள். நான் பழக்கதோஷத்தில் தரையில் உட்கார்வேன். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது அவர்களுடைய கால்கள்தான். மெட்டு என்பது அரை நிமிஷம். அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். எத்தனை சுற்று என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. போதும் என்று தோன்றும்போது அந்த அம்மா வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குவார். அந்தச் சுற்றோடு முடிந்தது. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அந்தச் சங்கீதத்தில் காலால் சொல்வதுதான் வழக்கமாம். அவரும் மனைவியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கண் முழுக்க அந்தச் செருப்பின் மேல்தான்.

“நாற்பது வருஷமாக இந்தக் காலைத்தான் பார்க்கிறார். என் மூக்கு எப்படி இருக்கும் என்று கேளேன், முழிப்பார்” என்று அந்த அம்மா கேலி செய்வார்.

எனக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது. நாங்கள் காலை மடக்கி, அதன்மேல் வயலினின் தலையை ஊன்றி வாசிப்பவர்கள். பெரியவர்கள் மேல் கால் தெரியாமல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒருமையில் பேசு, நாம் சிநேகிதர்கள்தானே என்று இருவரும் எத்தனையோ தடவை சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது வருஷக் குளிர்காலத்தில் ஒரு மாத லீவில் திருச்சிக்குப் போனேன். புறப்படும்போது அந்த அம்மாவுக்கு இருமல் இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்த அன்று மாடிப்படியில் அவர் கணவரைப் பார்த்தேன். “அவள் இறந்துவிட்டாள். பதினோரு நாள் ஆகிறது” என்றார். துக்கம் விசாரிக்க ஜெர்மன் மொழியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் யாரையோ இடித்துவிட்டவள் மாதிரி “ஸாரி” என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த வாரமே வாசிப்பு ஆரம்பமாகிவிட்டது. ஒரே மெட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும். முடிவு என்பதே கிடையாது. எங்கோ நடுவில் அறுந்து நிற்கும். மேலே உட்கார்ந்து நான் எண்ணுவேன். நாற்பது சுற்று, அறுபது சுற்று. அதுகூடப் பரவாயில்லை. வயலினுக்கு அடியில் மெல்லிசாகப் பான்ஜோவும் கேட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டவள், டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலிங் கார்டு போட்டுத் திருச்சிக்குப் பேசி என் அம்மாவிடம் சொன்னால், “சாவு விழுந்த வீடு. விபூதி பூசிக்கோ. கீழ மட்டும் போகாத” என்றாள். விபூதி பூசிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடுகளில் சத்தம் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். அவர் ஞாயிறும் வாசித்தார். மற்ற வீட்டுக்காரர்கள் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டிப் பார்த்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போனேன். மூன்றரை மணி இருக்கும். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் பான்ஜோ சாய்த்து வைத்திருந்தது. இவர் வாசிக்க வாசிக்க அதன் தந்திகள் தானாக முனகின. சுருதி ஒத்துப்போனால் பக்கத்து வாத்தியமும் அதிரும். சங்கீதம் படித்த எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் கண் நாற்காலிக்கு முன்னால் தரையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் வில் நின்றது. “எல்லோருக்கும் தொந்தரவாக இருக்கிறது, இல்லையா?”

“ஆமாம்” என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“என்னால் நிறுத்த முடியவில்லை” என்றார். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அந்த அம்மா இந்த மெட்டைக் கேட்டாராம். இவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் அந்த அம்மாவின் கால் இருந்த மேட்டைப் பார்த்தபடி வாசித்தார். “தூக்குவாள், தூக்குவாள் என்று வாசித்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து என் கையைப் பிடித்தாள். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. எந்தச் சுற்றில் போனாள் என்று தெரியவில்லை. டாக்டர் தாளில் ஒரு நேரம் எழுதியிருக்கிறார். அது அவர் அறைக்குள் வந்த நேரம்.”

வில்லால் அந்த நாற்காலியைக் காட்டினார். “நீ அங்கே உட்கார்கிறாயா? நானாக நிறுத்தினால் நடுவில் விட்டுப் போனதாக இருக்கிறது. போதும் என்று உனக்குத் தோன்றும்போது தூக்கு.”

பான்ஜோவைத் தரையில் இறக்கி நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் தொடங்கினார். பத்துச் சுற்று போயிற்று. தூக்கியிருக்க வேண்டும். கால் வரவில்லை. என் அப்பா வயதுக்காரர் முகத்துக்கு நேரே காலைத் தூக்குவதா? கையை உயர்த்தினேன். அவர் பார்க்கவில்லை. “போதும்” என்றேன். காதில் விழவில்லை. அவர் கண் என் காலில் இருந்தது.

மரியாதை மட்டும்தான் தடுத்தது என்றால் அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. மெட்டு ஓடும்வரை அந்த அம்மா இன்னும் முழுசாகப் போகவில்லை. முடித்து வைக்கப்போவது என் கால். என் முழங்காலுக்குப் பக்கத்தில் பான்ஜோ முனகிக்கொண்டே இருந்தது.

இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. அவருக்கு வியர்த்து, கழுத்து நடுங்கியது. மனசுக்குள் அவரிடமும் அந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வலது காலை ஒரு சாண் தூக்கினேன்.

அவர் பார்த்துவிட்டார். அந்தச் சுற்றை அவசரப்படாமல் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து, கடைசி ஸ்வரத்தை வில்லின் நுனிவரை இழுத்து நிறுத்தினார். பான்ஜோ மட்டும் கொஞ்சம் கூடுதலாக முனகி அடங்கியது. காலைக் கீழே வைத்தேன்.

“மணி என்ன?” என்று கேட்டார்.

“நாலு பத்து.”

“நாலு பத்து” என்று ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். வயலினை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் செய்தி வந்தவரைப் போல அழத் தொடங்கினார்.