இலைக்குச் சிவப்பு, பூவுக்குப் பச்சை

கோயம்புத்தூரில் ஒரு தொழிற்பள்ளியில் நான் சித்திர ஆசிரியனாக இருந்தேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் வேறுவேறாகத் தெரியாது. இந்த லட்சணத்தில் பதினோரு வருஷம் வர்ணம் பூசச் சொல்லிக்கொடுத்தேன் என்றால், அந்தச் சாமர்த்தியம் முழுக்க என் மனைவியுடையது. தினமும் காலையில் கோந்துவிட்டு வர்ணம் கரைத்து, கிண்ணத்துக்குக் கிண்ணம் பெயரெழுதிய சீட்டு ஒட்டிக் கூடையில் வைத்து அனுப்புவாள். என்ன ஒழுங்கு என்று மாணவர்கள் என்னை மெச்சினார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டே இருந்தோம்.

ஊருக்கு வெளியே டாக்கி எடுக்கும் ஸ்டுடியோ வந்தது. நந்தவனக் காட்சிக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையில் சித்திரம் எழுத எங்கள் பள்ளியைக் கூப்பிட்டார்கள். "புதுத் தொழிலுங்க, நம்ம பசங்களுக்கு நாலு வேலை கெடைக்கும்" என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். அங்கே வர்ண டின்கள் அவர்களுடையவை; சீட்டு கிடையாது. யாரையாவது கேட்டிருக்கலாம், வீம்பு விடவில்லை. மற்றவர்கள் வருமுன்பே போய், கருத்துத் தெரிந்ததை இலைக்கும் வெளுத்துத் தெரிந்ததைப் பூவுக்கும் போட்டு, மாதிரிக்கு ஒரு மூலையை எழுதி முடித்தேன்.

தலைமையாசிரியரும் மாணவர்களும் வந்தார்கள். "ஏனுங்க சார், எலையெல்லாம் செவப்பா இருக்குதுங்களே! பூவு பச்சைங்க!" என்றான் ஒருவன். பதினோரு வருஷ வேலை அந்த மூலையோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, மதராஸிலிருந்து வந்திருந்த கேமராக்காரர் கழுத்தில் தொங்கிய, கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படி விழும் என்று காட்டும் கறுப்புக் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தார். "போன திரையில நிஜப் பச்சை, நிஜச் சிவப்பு. படத்துல பூவும் இலையும் ஒரே சாம்பலாப் போச்சு. இதுல பூ தனியா நிக்குது சார். முழுசும் இப்படியே எழுதுங்க."

"இந்த நுட்பமெல்லாம் தெரியும்னு சொல்லவே இல்லீங்களே!" என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார். சும்மா தலையாட்டியிருக்கலாம். ஏனோ, இந்தப் பயத்தைச் சுமந்தது போதும் என்று ஆகிவிட்டது. அவரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பிப் போய் அந்த மூலையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

"சரி, வர்ண வகுப்பை வேற ஆளுக்கு உட்டுப்போடலாம். கேமராவுக்கு எழுதறத நீங்க சொல்லிக்குடுங்க" என்றார் கடைசியில்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அப்ப ஏனுங்க, இனிக் காலைல வர்ணம் கரைக்க வேண்டியதில்லீங்களே? நான் சத்தியமங்கலம் போயி எங்கம்மாகூடப் பத்து நாள் இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள்.

தன் தங்கையின் பிரசவத்துக்குப் போனபோதுகூட அன்று சாயங்காலமே பஸ் ஏறித் திரும்பிவிட்டவள். இவளுக்குப் பிறந்த வீட்டில் ஒட்டுதல் இல்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.