மைக்கில் என்னைக் கூப்பிட்ட செவ்வாய்க்கிழமை

கடந்த ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நவநாள் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே இருப்பதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாசிப்புப் பைத்தியம். வேலை, வீடு, பிள்ளை என்று ஆன பிறகு அந்தப் பைத்தியத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அலுவலகம் முடிந்து மகளை டியூசனிலிருந்து கூட்டிவந்து, சமைத்து, குடும்பமாகச் செபமாலை சொல்லி முடிக்கும்போது கண் சொருகும். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை, மகளின் மறைக்கல்வி. இடையில் யாராவது ஒருவர் வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம். தப்பித்தவறிப் புத்தகத்தோடு கதிரையில் இருந்தால், "இப்ப இதுக்கு நேரமா?" என்று கணவர் கேட்பார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். ஆனால் நான் மூடி வைத்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் மறுபேச்சே இல்லாத வசனம் ஒன்று உண்டு. 'கோயிலுக்குப் போறன்.' அதைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நவநாள் முடிந்த பிறகு கடைசி வாங்கில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்தேன். பிறகு பிரசங்கம் தொடங்கும்போதே நழுவினேன். அந்த மாதமோ கோயில் பக்கமே போகாமல், இரண்டு வீதி தள்ளியிருக்கும் வாசிகசாலைக்கு நேராகப் போகத் தொடங்கியிருந்தேன். செபப் புத்தகம் மட்டும் கைப்பையில் பத்திரமாக இருக்கும்! ஒருவரும் கூப்பிடாத ஒரு மணித்தியாலம். குற்றவுணர்வு இருந்ததுதான். கதை அதைவிட ருசியாக இருந்தது.

அன்றைக்கு வாசிகசாலையை விட்டு வெளியே வந்துதான் கைபேசியைப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். கணவரிடமிருந்து பதினேழு அழைப்புகள். கடைசியில் ஒரு குறுஞ்செய்தி: பிள்ளைக்கு இழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பம்ப் எங்கே?

மகளுக்கு எட்டு வயது. மூச்சு இழுக்கத் தொடங்கினால் உடனே வாயில் வைத்து அடிக்க வேண்டிய மருந்து பம்ப் அது. டியூசனிலிருந்து கூட்டிவரும்போது மகளிடம் வாங்கி என் கைப்பைக்குள் போட்டது, செபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

ஒரு முச்சக்கரவண்டியை மறித்து ஏறினேன். கணவர் அழைப்பை எடுக்கவில்லை. வீதி முழுக்க வாகன நெரிசல். என் அழுகையைப் பார்த்த சாரதி, பயப்பட வேண்டாம் அக்கா என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். செபம் சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? சற்று முன் நான் வாசித்துச் சிரித்த ஒரு வரிதான் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு முகமூடி மாட்டி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. ஆபத்து இல்லை என்று தாதி சொன்ன பிறகுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

எங்கள் மேல்மாடி வீட்டு அன்ரியும் அங்கே நின்றார். என்னைத் தேட அவரைத்தான் கணவர் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் பங்குச் சுவாமியிடம் ஓடிப்போய்ச் சொல்ல, நவநாளை இடையில் நிறுத்தி என் பெயரை மைக்கில் அறிவித்திருக்கிறார்கள். வழியை மறித்து நிற்கும் வாகனங்களைத்தான் எங்கள் கோயிலில் அப்படி அறிவிப்பார்கள். மூன்று தரம் கூப்பிட்டார்களாம். எழும்பப் போவது யார் என்று முழுக் கோயிலும் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம்.

"நீர் ஓடி வருவீர் எண்டு பத்து நிமிசம் பிள்ளையை வச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார் கணவர். "எங்க இருந்தனீர்?"

அன்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் என்னைக் குத்திவிட்டது. வாசிகசாலையில் என்று சொன்னேன். எத்தனை வாரமாக என்பதையும் சொன்னேன்.

"வாசிக்கப் போறன் எண்டு சொன்னா நான் மறிச்சிருப்பனா?"

"ஓம்" என்றேன்.

 அவர் குனிந்து மகளின் காலைத் தடவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் புத்தகத்தைத் தொடவில்லை. பூசைக்குப் போனால் யார் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது. நாலாவது செவ்வாய்க்கிழமை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்து கத்தியை வாங்கினார்.

"நேரமாகுது, வாசிகசாலைக்குப் போம். பம்பை வச்சிட்டுப் போம்."

இப்போது எங்கே போகிறேன் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன். முன்னைப் போலக் கதைக்குள் மூழ்க முடிவதில்லை. நாலு வரிக்கு ஒரு தரம் கண் கைபேசிக்குப் போய்விடுகிறது. வாசித்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. என் பிள்ளை என்னைத் தேட வேண்டிய இடத்தை அவளிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்.