கடைசியாகத் திருத்தியவர்: மிரியம்

இது நடந்தது. எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் பெயர் தனுஷா. சாவகச்சேரியில் வழக்குப் பேசும் சட்டத்தரணிகள் கணினிக் கோப்புகளை எனக்கு அனுப்புவார்கள். ஒரு கோப்பை யார் எழுதினார், எப்போது திருத்தினார் என்பதெல்லாம் அதற்குள்ளேயே ஒளிந்து கிடக்கும். மெட்டாடேட்டா என்பார்கள். அதைத் தோண்டி எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். நேற்று எழுதி, அதற்குப் போன வருடத் திகதி போட்ட கடிதங்களை எத்தனையோ பிடித்திருக்கிறேன். பேய்க்குப் பயந்தவள் இல்லை.

கணவர் அருள்நேசன் பள்ளிக்கூட ஆசிரியர். நான் அவருக்கு இரண்டாந்தாரம். முதல் மனைவி மிரியம் காய்ச்சலில் இறந்து ஒன்பது வருடம். செத்தவளோடு என்ன போட்டி என்று கேட்பீர்கள். நீங்கள் இரண்டாந்தாரமாக வாழ்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு நவம்பரிலும் பேப்பரில் அவளுடைய நினைவஞ்சலி வரும். தலையைச் சாய்த்துச் சிரிக்கும் படம். கீழே, "என்றும் உன் நினைவில் வாழும் அன்புக் கணவர்." அப்படியென்றால் பக்கத்தில் படுத்திருக்கிற நான் யார்? எனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட அந்தப் பேப்பரில் வந்ததில்லை. வயிறு பற்றி எரியும். ஆனால் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் என் மரியாதை போய்விடும்.

போன மாதம் ஒரு நாள். அவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். உலையில் அரிசி. என் கணினியில் ஒரு புதுக் கோப்பு கிடந்தது... "ஒன்பதாம் ஆண்டு நினைவஞ்சலி."

அது கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கிய கணினி. அதிலும் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று ஆத்திரம் வந்தது. கை சும்மா இருக்குமா, உள்விவரத்தைத் திறந்தேன்.

எழுதியவர்: மிரியம்.

பழைய கோப்பைப் பிரதி எடுத்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த வரியைப் பார்த்தேன். கடைசியாகத் திருத்தியவர்: மிரியம். இன்று, 12.07.

சுவர்க் கடிகாரத்தில் 12.10.

பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. "அன்புக் கணவர்" என்பதை அழித்தேன். "குடும்பத்தினர்" என்று அடித்துச் சேமித்தேன். உலை பொங்கியது. குசினிக்குப் போனேன்.

டக்... டக்... டக்...

விசைப்பலகைச் சத்தம்.

ஓடி வந்தேன். யாரும் இல்லை. திரையில் மறுபடியும் "அன்புக் கணவர்."

திருத்திய நேரம், 12.16.

"அவர் இப்ப என்ரை மனுசன்," என்றேன். யாருக்குச் சொன்னேனோ.

கீழே எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக.

பா... ப்... ப... ம். பார்ப்போம் என்கிறாள்.

ஓடியிருக்க வேண்டும். பொறாமை ஓட விடவில்லை. கோப்பில் இருந்த அவளுடைய படத்தைப் பார்த்தேன். எதன்மேல் தலையைச் சாய்த்திருக்கிறாள்? படத்தை வெட்டியிருந்தார்கள். கோப்புக்குள் படத்தை வெட்டினால் வெட்டிய பாகம் போய்விடாது, உள்ளேயே மறைந்திருக்கும். அதை விரித்தேன்.

ஒரு தோள். பிறகு முகம்.

அருள்நேசன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை.

அவருடைய பிறந்தநாளுக்கு நான் வாங்கி ஒளித்து வைத்த சட்டை. அவருக்கே இன்னும் காட்டவில்லை.

அலுமாரியைத் திறந்தேன். பெட்டி பிரிபடவில்லை. குண்டூசிகூடக் கழற்றவில்லை.

அந்தப் படத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு கணினியின் வயரைப் பிடுங்கினேன்.

பின்னேரம் அவர் வந்ததும் கேட்டேன்.

"பேப்பருக்கு நினைவஞ்சலி எழுதினீங்களோ?"

"நானோ? நான் ஒருநாளும் எழுதினதில்லையப்பா. உது ஐரிஸ் மாமியாக்கள் போடுறது."

ஐரிஸ் என்பவர் மிரியமுடைய தாய். கொடிகாமத்தில் இருக்கிறார். அப்போதே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நாங்கள் போடேல்லை பிள்ளை," என்றார். "மருமோன் ஒரு வருசமும் மறக்காமல் போடுறார் எண்டு நான் அழுறனான்."

அவர்கள் போடுகிறார்கள் என்று இவர். இவர் போடுகிறார் என்று அவர்கள். செத்த வீட்டுக் காரியத்தைத் துருவிக் கேட்பது எங்கள் ஆட்களுக்கு அழகில்லை. அதனால் இத்தனை வருடமும் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

மறுநாள் கணினியைப் போட்டேன். கோப்பு இல்லை. நான் எடுத்த பிரதி மட்டும் இருந்தது. படத்துக்கும் உள்விவரம் உண்டு. அதை எடுத்த நாளைத் தேடினேன்.

டிசம்பர் 14.

இந்த வருடம்.

அவருடைய பிறந்தநாள். அது வருவதற்கு அப்போது ஒரு மாதம் இருந்தது.

சட்டையை அன்றைக்கே கொளுத்திவிட்டேன். நாளைக்குத்தான் பதினான்காம் திகதி. அவரை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டேன். ஆனால் நித்திரை வராதது பயத்தில் இல்லை. அந்தப் படத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் என் பக்கத்தில் நின்று அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.