புளியில் ஊறிய இரகசியச் சக்கரம்

ஜேர்மனியின் ஹம் நகரில் காலை உணவுத் தானியம் அடைக்கும் தொழிற்சாலையில் கிருசாந்திக்குப் பதினெட்டு வருட வேலை. நாள் முழுக்கப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், ஓய்வு நாளிலும் பெட்டிச் சாமான்தான் தேடினாள் என்றால் யார் நம்புவார்கள்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தானியப் பெட்டிகளோடு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவசப் பொருட்கள்தான் அவளுடைய பைத்தியம். அட்டை விமானம், காகிதப் பதக்கம், எண்களை எழுத்தாக்கும் இரகசியச் சக்கரம். அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போனவை இன்னும் பழைய சாமான் சந்தைகளில் தலைகாட்டும். குண்டு விழுகிற காலத்திலும் பிள்ளைகளின் விளையாட்டை யாரோ நினைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வியப்பு. ஊரில் சண்டை நடந்தபோது பங்கர்க் குழிக்குள் இருந்து வாய்ப்பாடு படித்தவள் அவள்.

இத்தகைய பொருட்களைச் சேர்ப்பவர்களுக்கு லைப்சிக்கில் ஒரு சங்கம் உண்டு. போர்க் காலத்து அசல் பொருள் ஒன்றை நிரூபித்துக் காட்டினால்தான் உறுப்பினராகலாம். மூன்று தடவைதான் முயலலாம். கிருசாந்தி முதல் தடவை கொண்டுபோனது நகல். இரண்டாம் தடவை ஒரு தகரடப்பாவுக்குள் அகப்பட்ட பித்தளைச் சக்கரத்தையும், கூடவே கிடந்த எண்கள் அச்சடித்த தாளையும் கொண்டுபோனாள். தாள் அசல்தான் என்று தலைவர் க்ரூகர் ஒப்புக்கொண்டார். அசல் சக்கரம் மட்டுமே அந்தத் தாளை வாசிக்கும். நகல்களில் எழுத்து வரிசை வேறு. ஆனால் சக்கரம் அழுக்கேறி இறுகிக் கிடந்தது.

"சுழலாத சக்கரத்தை நான் எப்படி நம்புவது, அம்மணி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவேயில்லை.

மூன்றாம் முறைக்கு மூன்று நாள் இருக்க, பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோவில் திருவிழா வந்தது. வேலை முடிந்து வந்தவள் குசினிக்குள் நுழைந்ததும் அலறினாள். கணவன் சுகிர்தன் கழுவி வைத்த குத்துவிளக்குகளின் நடுவே சக்கரம் தங்கம்போல மின்னியது.

"ஐயோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்! அந்தக் கறுப்புத்தான் அதின்ரை வயசுக்குச் சாட்சி. பழைய சாமானை ஆரும் மினுக்குவினமோ?"

"கறுத்துக் கிடந்துது. விளக்குகளோடை சேத்துப் புளியிலை ஊறப்போட்டிட்டன். எனக்கென்ன தெரியும்?"

அவள் கதிரையில் அமர்ந்து அழத் தொடங்கினாள். சமாதானம் சொல்லத் தெரியாத மனுசன், துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைத்தான். விரல் பட்டதும் அது நகர்ந்தது.

"இஞ்சை பாரும், சுத்துது!"

கிருசாந்தி பறித்தெடுத்தாள். களிம்பெல்லாம் கரைந்து எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. தாளை விரித்து ஒவ்வொரு எண்ணாகத் திருப்பினாள். அழுத கண் காயுமுன்பே சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்கு?"

"லைப்சிக்குக்கு வாங்கோ. அங்கை ஒருத்தர் வாசிச்சுக் காட்டுவார்."

சனிக்கிழமை, மினுங்கும் சக்கரத்தைக் கண்டதும் க்ரூகர் தலையில் கை வைத்தார். "இதைப் போய்த் தேய்த்தீர்களா? எல்லாம் போச்சே!"

"தேய்த்தது உண்மை. ஆனால் இப்போது சுழலும். நீங்களே வாசியுங்கள், எல்லோருக்கும் கேட்கும்படி," என்றாள் கிருசாந்தி.

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் திருப்பத் தொடங்கினார். முதல் சொல் வந்ததும் கண்ணாடியைத் தேடி மாட்டினார். உறுப்பினர்கள் நெருங்கி வந்தார்கள். கடைசி எண் வரை திருப்பி, தாளில் இருந்த செய்தியை உரக்க வாசித்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"வாழ்த்துகள். இன்று முதல் நீங்களும் எங்கள் சங்கத்து ஆள்."

கிருசாந்தி தன் விண்ணப்பத்தை அவர் முன் நகர்த்தி, பேனாவையும் நீட்டினாள்.

"எண்பது வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது, ஹெர் க்ரூகர். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

இந்தத் தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் அவள்தான்.