முதல் வரிசைக் கட்டில்

இருபத்தாறு வருடம் ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் நின்றபடியே போய்ப் பாடம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்றதும், இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் என்னையும் என் வீட்டுக்காரரையும் அங்கே தெற்கே ஒரு குட்டிக் கடற்கரைக் கிராமத்துக்கு மூன்று நாள் கூட்டிப்போனாள். எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். கடலை ஒட்டி முதல் வரிசையில் போட்டிருக்கும் சாய்வுக் கட்டிலில் காலை நீட்டி, அரை நாளாவது ஒன்றுமே செய்யாமல் கிடக்க வேண்டும்.

முதல் நாள் போனோம். முன்வரிசையில் ஆறு கட்டில். ஆறிலும் துண்டு கிடந்தது, ஆளைத்தான் காணோம்.

"துண்டு போட்டு எடம் புடிக்கக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்கம்மா. எடுத்து ஓரமா வெச்சுட்டுப் படுங்க" என்றாள் மகள்.

வீட்டுக்காரர் பதறிப்போனார். "துண்டு போட்ட எடத்துல எப்படிச் சாமி உக்கார்றது? அது நாயமே இல்ல."

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாக உள்ளே விழுந்த துண்டை இன்னொருவர் எடுத்தால் மண்டை உடையும். அடுத்தவர் நிலத்தில் ரெண்டு அடி வரப்பைத் தள்ளிப் போடுகிறவர்கள்கூட, துண்டு போட்ட சீட்டைத் தொடமாட்டார்கள். ஆகவே கடைசி வரிசையில், கக்கூஸ் சுவரை ஒட்டி உட்கார்ந்து, முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்தோம். துண்டுக்காரர்கள் பதினோரு மணிக்குத்தான் ஆடி அசைந்து வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவருக்கோ அவர்கள்மேல் மரியாதையே வந்துவிட்டது.

"நம்ம சனமாட்டவே இருக்கறாங்க புள்ள" என்றார். இரண்டாம் நாளும் இதே கதை.

மூன்றாம் நாள் மதியம் கிளம்ப வேண்டும். விடிந்தும் விடியாமலும் இவர் என்னை எழுப்பினார். தோளில் ஈரிழைத் துண்டு. கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டுக்கு வந்தபோது முன்வரிசையில் மிச்சம் இரண்டே கட்டில். கீழே தொப்பைக்கார வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு துண்டோடு அவற்றை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்.

இவர் படியிறங்கவே இல்லை. துண்டைச் சுருட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து ஒரே வீச்சு. கட்டிலின் நட்டநடுவில் போய் விழுந்தது. வெள்ளைக்காரர் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மிச்சமிருந்த கட்டிலில் ஒரு துண்டை விரித்துவிட்டு, இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சேலைமேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு படுத்தேன். குளிரில் பல் தந்தியடித்தது. ஆனாலும் என்ன சுகம்!

ஒன்பது மணி இருக்கும். வயதான அம்மா ஒருவர் ஊன்றுகோலோடு, மணலில் கால் புதையப் புதைய வந்து, என் அருகே மூச்சு வாங்க நின்றார். நான் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக எழுந்துவிட்டது. "உக்காருங்கம்மா" என்று கட்டிலைத் தட்டிக் காட்டினேன். அந்தம்மா உட்கார்ந்தார், படுத்தார், ஐந்தே நிமிடத்தில் குறட்டையும் விட்டார்.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள?" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. அதைக் காட்டினேன்.

"அதுல துண்டு கெடக்குதே!"

வந்ததே எனக்குக் கோபம். அந்தத் துண்டை உருவி, மடித்து, இவர் கையில் திணித்துவிட்டு ஏறிப் படுத்தேன். இவர் என்னைத் தெரியாதவர்போல நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பதினோரு மணிக்குத் தொப்பைக்காரர் வந்தார். தூங்குகிற அம்மாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அது அவருடைய தாயாராம். அப்போதுதான் வந்து சேர்ந்த மகள் கேட்டுச் சொன்னாள். தாய்க்காகத்தான் விடியலிலேயே ஓடி வந்திருக்கிறார். அடுத்து என்னைப் பார்த்தார். இவர் கையில் இருந்த தன் துண்டையும் பார்த்தார்.

"தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோணும்" என்று இவர் இரண்டு கையாலும் துண்டை நீட்டினார்.

அவர் அதை வாங்கி, என் காலடியில் மணல்மேல் விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டி இவரையும் உட்காரச் சொன்னார். பாஷை தெரியாத இரண்டு பேரும், இவள் எப்போது எழுவாள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.